முல்தானி மட்டி காயும் நேரம்

நெற்றிதான் முதலில் காயும். மங்கையர்க்கரசிக்கு அது தெரியும், தெரிந்ததை எழுதியும் வைத்திருக்கிறாள்: முதலில் நெற்றி, அப்புறம் மூக்குத்தண்டு, தாடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் கன்னம், கன்னம் காய்கிற வரைக்கும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, பிள்ளையைத் திட்டக்கூடாது, மீறினால் மட்டி வெடித்துத் தோலில் கோடு விழும், ஆனால் இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார ஒரு தாய்க்கு இதைவிட நல்ல சாக்கு வேறு எங்கே கிடைக்கும். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் முப்பத்தொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். முப்பத்தொரு பேர். திருச்சி கருமண்டபத்தில் மூன்றாம் மாடி வீட்டின் கூடத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே, முகம் முழுக்கத் தயிரில் குழைத்த முல்தானி மட்டியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். மணி பத்து ஐம்பது. மடியில் போன் கவிழ்ந்து கிடந்தது. நேற்று மாலை ஏழு மணியிலிருந்தே அதை அவள் கவிழ்த்துத்தான் வைக்கிறாள், சாப்பாட்டு மேசையிலும் தலையணைக்குப் பக்கத்திலும், நிமிர்த்தி வைத்தால் அது தன் முகத்தைப் பார்த்துவிடும் என்பதுபோல. உள்ளே ஒரு கமெண்ட் இருந்தது. அவள் அனுமதித்தால்தான் அது அவளுடைய 'ஐந்து நிமிட அழகு' வலைப்பூவில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். அனுமதிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. நீக்கிவிட்டால், அப்படி ஒன்று வந்ததே இல்லை. பதினொன்றரை மணிக்குள் அவள் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் பதினொன்றரைக்கு சுகந்தி பின் பண்ணுகிறாள்.

சுகந்தி ஈரோட்டுக்காரி, நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும், எப்போதும் பின்னால் மிக்சி ஓடுகிற குரல். 'அடுப்படித் தோழிகள்' என்று நாற்பதாயிரம் பெண்கள் இருக்கிற குழுவை நடத்துகிறவள். "அக்கா, உங்க எலுமிச்சைப் பதிவு சூப்பர்க்கா, நாளைக்கு பதினொன்றரைக்கு மேல பின் பண்ணிடறேன், ஒரு வாரம் அங்கேயே நிக்கும். ஒரே ஒரு விஷயங்க்கா, பின் பண்ற பதிவுல குத்தம் சொல்ற கமெண்ட் ஒண்ணுகூட இருக்கக்கூடாது. ஒருத்தி ஆரம்பிச்சா போதும், வரிசையா வந்து கும்மிடுவாளுங்க." பதினொன்றரை என்பது சும்மா சொன்ன நேரமில்லை, மங்கைக்கும் அது மனப்பாடம்: காலைச் சமையல் முடிந்து, பாத்திரம் ஒதுக்கி, குக்கரை வைத்துவிட்டுப் பெண்கள் போனைக் கையில் எடுக்கிற நேரம், அதை விட்டால் மூன்று மணி. மகள் மிச்சம் வைத்த கணக்கு நோட்டில் இப்படி ஒன்றொன்றாகக் குறித்து வைத்திருக்கிறாள். தலைப்பில் ஓர் எண் இருக்க வேண்டும். படத்தில் கை தெரிய வேண்டும், கை தெரிந்தால்தான் வீட்டுப் பெண் எழுதியது என்று நம்புவார்கள். முடிவில் ஒரு கேள்வி கேள், நீங்கள் என்ன போடுவீர்கள் தோழிகளே என்று. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் லிங்க் போடாதே, பெரியப்பா கோபித்துக்கொள்வார். கமெண்ட் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல். ஒரு மணி நேரத்துக்குள். இப்போது பதினாறு மணி நேரம் ஆகிறது. இன்னொன்றும் எழுதியிருந்தாள், சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு: பழைய பதிவைத் தூசி தட்டித் திரும்பப் போடு, பழசு என்று தெரியாதபடி தேதியையும் பருவத்தையும் எடுத்துவிடு.

மூக்குத்தண்டு இழுக்க ஆரம்பித்தது. காய்வது என்றால் என்ன, தண்ணீர் போவது, போகிற தண்ணீர் போகும்போது தோலையும் கொஞ்சம் கூப்பிட்டுப் பார்க்கிறது, வா வா என்று. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்ததற்கே குற்றமாகவும் இருந்தது. துறையூரில் அந்தக் கமெண்டைப் போட்ட ஒருத்தி இப்போது எதை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஈரத்துணியா, பல் தேய்க்கிற பேஸ்ட்டா, பேஸ்ட் வைப்பார்கள், எதற்கெடுத்தாலும் பேஸ்ட் வைப்பார்கள், ஐயோ, பேஸ்ட் வைக்காமல் இருக்க வேண்டுமே.

"சாமி வந்து உக்காந்த மாதிரி இருக்கீங்களே," என்றாள் அமிர்தம், விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. வீட்டு வேலைக்கு வருகிறவள், ஐம்பது தாண்டியவள், மங்கை வாயைத் திறக்க முடியாத வேளை பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு ஊறும். "காலைத் தூக்குங்க. எங்க வீட்ல இந்த மண்ணை அடுப்புக்குப் பூசுவோம், அடுப்பு நல்லாத்தான் இருக்கும். சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, அப்புறம் என்னால வெடிச்சுதும்பீங்க." மங்கை காலைத் தூக்கினாள். விளக்குமாறு நாற்காலிக்கு அடியில் போய் வந்தது. "எம் மருமவ உங்க எலுமிச்சம்பழத்தைப் படிச்சுட்டாம்மா. யாரோ அவளுக்கு அனுப்பிருக்காங்க. மூணே நாள்ல மூஞ்சி பளிச்சுங்குமாமே, போடட்டா அத்தைன்னா. நான் சொன்னேன், நீ நாள் பூரா கட்டட வேலைல வெயில்ல நிக்கிறவ, உனக்கெதுக்குடி மூஞ்சில எலுமிச்சம்பழம், தண்ணில பிழிஞ்சு உப்புப் போட்டுக் குடி, தெம்பா இருக்கும்னு." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள். மங்கை தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். போட்டாளா போடவில்லையா, அதைச் சொல்லாமல் போகிறாளே. பேச முடிந்தால் கேட்கலாம். பேசாமல் இருப்பதற்குத்தானே இதைப் பூசிக்கொண்டாய், என்றது உள்ளே ஒன்று, அப்படியொன்றும் கோபமில்லாமல்.

உண்மைதான். இன்றைக்கு மட்டி போடும் நாளில்லை. செவ்வாய்க்கிழமை கூந்தலுக்கு வெந்தயம், வெள்ளிக்கிழமைதான் முகம். பத்தரை மணிக்குக் கிண்ணத்தை எடுத்தபோது அடுத்த பதிவுக்குப் படம் வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். படம் இன்னும் எடுக்கவில்லை. எலுமிச்சைப் பதிவும் அப்படி ஒரு நாளில்தான் வந்தது. ஊலு. பின்லாந்தின் வடபாகத்தில் ஊலு என்று ஓர் ஊர், கணவன் கண்ணபிரானுக்கு அங்கே வேலை, பதினைந்து வருடம்; ஜனவரியில் காலை பத்தரைக்கு விடிந்து பகல் இரண்டரைக்கு இருட்டிவிடும். விடிந்ததும் வெளிச்சம்தான் வரும், சூரியன் வராது, யாரோ பக்கத்து அறையில் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. அவள் அப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். இருட்டில் போய் இருட்டில் திரும்பும் வேலை. ஹீட்டர் காற்றில் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அன்றைக்கு மீனுக்குப் பிழிந்ததில் அரை எலுமிச்சை மிச்சம், ஸ்பெயினிலிருந்து வலைப்பையில் வந்த எலுமிச்சை, தடித்த தோல், அதை ஜன்னலோரம் நின்று முகத்தில் தேய்த்துக்கொண்டே தெருவிளக்கடியில் விழுகிற பனியைப் பார்த்தாள். கொஞ்சம் எரிந்தது. எரிந்தது நன்றாகக்கூட இருந்தது, முகம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்த மாதிரி. மூன்று நாள் போட்டாள். பளிச்சென்றுதான் ஆனது. பொய் எழுதவில்லை. சத்தியமாகப் பொய் எழுதவில்லை. "வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் இந்த ஜனவரியில்" என்று அந்தப் பதிவைத் தொடங்கியிருந்தாள், ஒன்பது வரி, பனியையும் இருட்டையும் பற்றி ஒன்பது வரி, அவள் எழுதியதிலேயே நல்ல ஒன்பது வரி. போன வாரம் திருச்சியில், கத்திரி வெயிலில், ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சுடுகிற நேரத்தில், சிவப்பு மை விதிப்படி அந்தப் பதிவைத் தூசி தட்டியபோது அந்த ஒன்பது வரியையும் எடுத்துவிட்டாள். பனியாவது, இங்கே யாருக்கு வேண்டும். எலுமிச்சை மட்டும் மிஞ்சியது. எலுமிச்சையைச் சுற்றியிருந்த இருட்டு போய்விட்டது.

தாடை காய்ந்துவிட்டது. இனி கன்னம்தான்.

"அம்மா, உன் போன் குடு, என்னோடது செத்துப்போச்சு." நிலானி. பதினான்கு வயது, ஊலுவில் பிறந்தவள், அம்மா மட்டி போட்டால் பேசமாட்டாள் என்பதற்கு மூன்று வயதிலேயே வழி கண்டுபிடித்தவள்: ஒரு 'ம்' என்றால் ஆமாம், இரண்டு 'ம்' என்றால் இல்லை. மங்கை இரண்டு 'ம்' சொல்வதற்குள் போன் மடியிலிருந்து போய்விட்டது. "சார்ஜர் அப்பா எடுத்துட்டுப் போயிட்டாரா?" ம். "அதானே. இன்னிக்கு எத்தனை பேர் படிச்சாங்கன்னு கேட்டாரா? நான், நீ, உங்க பெரியம்மா, மூணு பேருன்னு அந்த மொக்கை ஜோக் சொன்னாரா?" ம். நிலானி சிரித்தாள், சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள், சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. பிறகு படிக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழ் வாசிப்பு சனிக்கிழமை வகுப்பில் வந்தது, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் போவாள், கல்லுக்குக் கல் கால் வைத்து ஆற்றைத் தாண்டுகிற மாதிரி. "அக்கா நீங்க... போட்ட... எலுமிச்சை டிப்ஸ் மூணு நாள்... செஞ்சேன். பூசிக்கிட்டு மொட்டை... மாடில... வத்தலுக்குக் காவல் இருந்தேன். வத்தலுக்கு எதுக்கும்மா காவல்?" கேட்டுவிட்டு மேலே படித்தாள். "இப்ப கன்னத்துல, கழுத்துல, சாறு... ஒழுகின... எடமெல்லாம்... கொப்... கொப்புளம் வந்து கருத்துப் போச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை... பொண்ணு பாக்க வராங்க. இதுக்கு என்ன... போடணும் அக்கா. சீக்கிரம் சொல்லுங்க. வினோதா, துறையூர். கீழ போன் நம்பர் குடுத்திருக்காங்க." மின்விசிறி சுற்றியது. நேற்று மங்கை அதை ஒரே மூச்சில் படித்து ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தபோது அந்த மொட்டைமாடி தெரிந்தது, வெள்ளை வேட்டியில் வரிசை வரிசையாக மோர் மிளகாய், நிழலே இல்லாத பதினோரு மணி, குச்சியும் கையுமாகக் காக்கையை விரட்டிக்கொண்டு ஒரு பெண், கன்னத்திலிருந்து கழுத்துக்கு ஒழுகுவதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. நிலானி போனை மடியில் திரும்ப வைத்தாள், கவிழ்க்காமல். "டெலீட் பண்ணிடப் போறியா?" என்றாள். "ஆமான்னா ஒரு ம்." காத்திருந்தாள். "இல்லைன்னா ரெண்டு ம்." மங்கை மடியில் இருந்த திரையையே பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டு நிலானி உள்ளே போனாள். கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதுக்கு என்ன போடணும். அங்கேதான் வந்து வந்து மாட்டுகிறது. திட்டியிருந்தால் சுலபம், பொறாமைக்காரி, வேறு ஏதோ க்ரீமைப் போட்டுவிட்டு என் தலையில் கட்டுகிறாள் என்று அழித்துவிடலாம், நேற்று எட்டு மணி வாக்கில் அப்படி நினைத்துக்கூடப் பார்த்தாள். ஆனால் அவள் திட்டவில்லையே. கேட்கிறாள். பொசுக்கிய கையிடமே மருந்து கேட்கிறாள். அதை நம்பிக்கை என்று சொல்வதா, வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை என்று சொல்வதா. வீட்டில் சொன்னால் உதைதான் விழும், யாருடி இதையெல்லாம் பூசச் சொன்னது என்று. ராத்திரி மங்கை தேடிப் படித்தாள்: எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் பொசுக்கும், ஒழுகின தடம் அப்படியே விழும், கறுப்பு மாற வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கிறது. முழங்கையில் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று மற்ற எல்லாப் பதிவிலும் எழுதுவாளே, இதில் எழுதினாளா? எழுதவில்லை. பதிவு நீளமாக இருந்தால் படிக்கமாட்டார்கள் என்று இன்னொரு விதி. இருந்தாலும் நான் என்ன மருத்துவரா, அரை எலுமிச்சை, உலகத்தில் எல்லாரும் எழுதுவதுதான், ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், ஆயிரத்தில் ஒருத்தி. சரி, இன்றைக்கு மேலே நிறுத்தினால் நாற்பதாயிரத்தில் எத்தனை பேர். அமிர்தத்தின் மருமகள் போட்டாளா போடவில்லையா. நாற்பதாயிரம் என்று நினைத்ததுமே ஆசையும் கூடவே வந்தது, வெட்கமில்லாமல் வந்தது: ஊலுவில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது, பெயர் பொறித்த அலமாரி இருந்தது, குழந்தைகள் அவள் பெயரைச் சொல்லத் தெரியாமல் 'மான்கா' என்று கூப்பிட்டார்கள், திரும்பி வந்த இந்தப் பத்து மாதத்தில் கேஸ் புத்தகத்தில்கூட அவள் பெயர் இல்லை. இந்த வலைப்பூ ஒன்றுதான் அவளுடையது. ஒரு நாளைக்கு இருநூறு பேர், முந்நூறு பேர். நாற்பதாயிரம் பேர் ஒரு வாரம் பார்த்தால் கண்ணபிரானின் அந்த ஜோக்கைக் கொன்று புதைத்துவிடலாம். என்ன போடணும், என்ன போடணும். முகத்துக்குப் போடுவதைப் பற்றி நூற்றுப்பத்துப் பதிவு எழுதியிருக்கிறாள், கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், பப்பாளி, சாதம் வடித்த கஞ்சி, ஒன்றுகூட இதற்கு உதவாது. இதற்குப் போட ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் பதில், அதை ஒரு பதிவாக யார் எழுதுவார்கள், அதற்குத் தலைப்பில் என்ன எண் போடுவது.

பதினொன்று பத்து. வலது கன்னம் காய்ந்துகொண்டிருந்தது, இடது கன்னம் இன்னும் ஈரம், எப்போதும் இடதுதான் தாமதிக்கும். அவள் போனை எடுத்தாள். விரல் அவள் கேட்காமலே அந்த இடத்துக்குப் போனது. 'வெளியிடு', 'நீக்கு', இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், எறும்பு தாண்டுகிற தூரத்தில். வெளியிட்டாள். அவ்வளவுதானா என்று இருந்தது. வினோதா, துறையூர், என்று அவளுடைய மூன்று நாள் பளிச்சுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது, போன் நம்பரோடு. நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு அதை மட்டும் மறைத்தாள், கண்டவனும் கூப்பிடுவான். பிறகு பதிவின் தலைக்குப் போய், எண் இல்லாமல், படம் இல்லாமல், எழுதினாள்: இதைச் செய்யாதீர்கள். நான் இதைச் சூரியனே வராத ஓர் ஊரில், இருட்டில் செய்து பார்த்தேன். நம் ஊர் வெயிலில் இது தோலைப் பொசுக்கும். கீழே வினோதா எழுதியிருப்பதைப் படியுங்கள், தவறு அவருடையது அல்ல, என்னுடையது. அழுத்திய அடுத்த நிமிடமே சுகந்தி. "அக்கா என்னக்கா இது??? ஹேக் ஆயிடுச்சா? இன்னும் பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு, சீக்கிரம் எடுத்துடுங்க." அதற்குக் கீழே கும்பிடுகிற கை மூன்று. மங்கை அதற்குப் பதில் போடவில்லை. காகிதத்தில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக ஒற்றினாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். "யாருங்க?" மெல்லிய குரல், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிற குரல்.

"மங்கை பேசறேன்ம்மா. ஐந்து நிமிட அழகு." உதட்டோரம் முதல் விரிசல் விழுந்ததை உணர்ந்தாள், நூல் அறுகிற மாதிரி.

"பதிலே போடல," என்றாள் அந்தப் பெண். "ராத்திரி பூரா ரிப்ளை வந்துருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கம்மாகிட்ட எண்ணெய் தெறிச்சுடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"தப்பு என்மேலதான் வினோதா."

"தப்பு யார்மேல இருந்தா எனக்கென்ன அக்கா, என்ன போடணும்னு சொல்லுங்க. வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது, இருங்க, வீடியோல வரேன்."

துண்டித்தாள். உடனே வந்தது. மங்கை பச்சையைத் தொட்டாள், தொட்ட பிறகுதான் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் தன்னைப் பார்த்தாள், கண்ணும் வாயும் மட்டும் உள்ள ஒரு சாம்பல் பானை, வாயோரம் கிளை கிளையாய் வெடித்தது. எதிரே பாதி இருட்டான ஓர் அறை, துப்பட்டாவை மூக்கு வரைக்கும் இழுத்துப் பிடித்த ஒரு முகம், இருபத்திரண்டு வயது இருக்கலாம். அந்தக் கண்கள் பெரிதாகின. துப்பட்டாவுக்குள் 'க்ளுக்' என்று ஒரு சத்தம், அவளால் அடக்க முடியவில்லை.

"மட்டி போட்டா பேசக்கூடாது, வெடிச்சாக் கோடு விழும்னு நீங்கதானே எழுதுனீங்க."

"ஆமா."

"அப்பறம் ஏன் பேசறீங்க?"

"கன்னம் காயற வரைக்கும் இருக்க முடியல," என்றாள் மங்கை. சொல்லும்போதே வலது கன்னத்திலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து மடியில் விழுந்தது. "ஒண்ணும் போடாதே வினோதா. அதைத்தான் சொல்லக் கூப்பிட்டேன். பேஸ்ட்டு, தேன், மஞ்சள், யார் என்ன சொன்னாலும் போடாதே, நான் சொன்னாலும் போடாதே. இன்னிக்கே தோல் டாக்டர்கிட்ட போ, உள்ளதைச் சொல்லு. உங்க அம்மா பக்கத்துல இருந்தா குடு, திட்டறதை நான் வாங்கிக்கறேன்."

"அம்மா மேல வத்தலைத் திருப்பிப் போடப் போயிருக்கு." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெடித்த முகத்தில் எது வாய், எது பேச்சு என்று பிரித்துப் பார்க்கிற மாதிரி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிடுமா?"

மங்கைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, போய்விடும் கண்ணு என்று. இத்தனை நாளாக எழுதி எழுதிப் பழகின வாய். "போகாது," என்றாள். "நாளாகும்."

போனின் உச்சியில் சுகந்தியின் பெயர் வந்து நின்றது, மறைந்தது, மறுபடி வந்தது. பதினொன்றரை. வாசல்படியில் நிலானி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. போனையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். திரையில் வினோதா துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"இங்க இருட்டா இருக்கு அக்கா. தெரியுதா? ஜன்னல்கிட்ட வரட்டா?"

"வேணாம், வேணாம்," என்றாள் மங்கை, மீதி மட்டியும் பொலபொலவென்று உதிர, போனை முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய். "வெயிலுக்கு வராதே. அங்கயே இரு. எனக்குத் தெரியுது."